கீரப்பாளையத்துக்குக் கொண்டுபோன பதினோரு தாள்கள்

காலை 6.50. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாடகைக் காரில் ஏறினோம். சிதம்பரம் வழியாகக் கீரப்பாளையம் போய்த் திரும்ப 2,900 ரூபாய் என்று பேச்சு. பின் இருக்கையில் மதாம் எலேன். பிரான்சின் மேற்கே ஒரு சிறு நகரத்து அரசுப் பல்கலைக்கழகத்தில் நிலத்தடி நீர் பற்றிப் பாடம் நடத்துகிறவர். முன் இருக்கையில் நான். பிரெஞ்சு டியூஷன் எடுத்துப் பிழைப்பவன். பிரான்சிலிருந்து யாராவது வந்தால் மொழிபெயர்ப்பாளன். என் மடியில் ஒரு ஃபைல், அதற்குள் பதினோரு தாள்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன் மதாமின் மாணவன் லூகா, கீரப்பாளையத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில் பதினோரு வீட்டு அடிபம்புகளிலிருந்து தண்ணீர் பிடித்துச் சீசாக்களில் கொண்டுபோனான். கூடப் போனவன் நான்தான். இப்போது அவன் தன் ஆய்வேட்டை முடிக்கும் தறுவாயில் மதாம் அவனிடம், "அந்த வீட்டுக்காரர்களுக்கு முடிவைச் சொன்னாயா?" என்று கேட்டிருக்கிறார். பையன் இல்லை என்றிருக்கிறான். புதுச்சேரிக்குக் கருத்தரங்குக்கு வந்த மதாம், தாமே நேரில் சொல்லிவிடுவது என்று கிளம்பிவிட்டார்.

தாள்களைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி நேற்றுதான் அனுப்பினார். ஏழு வீட்டுத் தண்ணீரில் உரத்திலிருந்து இறங்கிய நைட்ரேட் மிக அதிகம். கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. மூன்றாம் தாள் கலாவின் வீடு. கலாவின் மகள் பிரியா பிரசவத்துக்கு வந்திருப்பதும், பிறந்த பெண்ணுக்கு இரண்டு மாதம் ஆவதும், தாய்ப்பால் போதாமல் டின் பால் கரைத்துக் கொடுப்பதும் எனக்குத் தெரியும். பொங்கலன்று போனில் கலாவே சொன்னார். நேற்று ஆறு முறை அழைத்தேன். ஆறு முறையும் சுவிட்ச் ஆஃப்.

7.40. புதுச்சத்திரத்தில் காபி, இருபது ரூபாய். என்னை விட்டால் நிற்காமல் போயிருப்பேன். ஓட்டுநர் ஜாகிர் இன்னும் எதுவும் சாப்பிடவில்லை. அவருக்குப் பரங்கிப்பேட்டை. மதாமைக் கண்ணால் காட்டி என்னிடம் கேட்டார்.

"இந்தம்மாவுக்கு கீரப்பாளையத்துல இன்னா சார் வேலை? பாக்கறவங்கல்லாம் சிதம்பரம் கோயிலோட திரும்பிடுவாங்களே?"

"அங்க முன்ன தண்ணி டெஸ்ட் பண்ணாங்க பாய், அதோட ரிசல்ட்டச் சொல்லப் போறாங்க."

"ரிசல்ட்டச் சொல்றதுக்கா அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துகிறாங்க? எங்க ஊர்லயும் எத்தினியோ பேர் வந்து மண்ணு, தண்ணி, மீனுன்னு எடுத்தாங்க சார். போனவங்க போனவங்கதான்."

இதை மதாமிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. வண்டி கிளம்பியதும் தம் ஊரைப் பற்றிச் சொன்னார். அங்கே பல்கலைக்கழகம் ஊர்ப் பணத்தில் நடக்கிறது, ஆகவே ஊருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்று சாதாரணமாக நினைக்கிறார்கள். ஓய்வு பெற்ற தபால்காரர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வரலாறு கேட்கிறார்கள். நூலகத்தில் யாரும் போய்ப் படிக்கலாம். யார் கிணற்றில் தண்ணீர் எடுத்தாலும், நகர மண்டபத்தில் எல்லோரையும் கூட்டி முடிவைச் சொல்லியாக வேண்டும். ஒரு வருடம் மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் அரைமணி நேரம் இவரைத் திட்டியிருக்கிறார். மறுவருடம் அவரே அக்கம்பக்கத்தார் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு வந்தாராம்.

8.30. நாற்பத்தைந்து கிலோமீட்டர் கடந்து சிதம்பரம். பல்கலைக்கழகச் சாலைப் பக்கம் ஜெராக்ஸ் கடைகளும் மெஸ் போர்டுகளும் அப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருந்தன. இந்த ஊருக்கும் ஒரு பல்கலைக்கழகம்தான் பாதிச் சோறு போடுகிறது. விடுமுறை விட்டால் ஆட்டோக்காரர் முகம் வாடுவதை நானே பார்த்திருக்கிறேன். மதாம் இறங்கிப் பார்க்க விரும்பினார். நான் கடிகாரத்தைக் காட்டினேன்.

9.05. சம்பா அறுத்த வயல்களில் உளுந்து முளைத்திருந்தது. கலா வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்கண்ணே! சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறீங்களே. போனு ரிப்பேராயி நாலு நாளாச்சு."

உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். மதாம் வாங்கிக் குடித்தார். பெரியவர்களை அது அவ்வளவாகச் செய்யாது என்று தெரிந்தும் என்னால் குடிக்க முடியவில்லை. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"கலாம்மா, பாப்பாவுக்கு எந்தத் தண்ணியில பால் கரைக்கிறீங்க?"

"அடிபம்புத் தண்ணிதாண்ணே. டேங்க் தண்ணி இரும்பு வாடை அடிக்குது. சும்மா இல்ல, கால் மணி நேரம் கொதிக்க வெச்சி, ஆற வெச்சுதான் குடுக்கறோம்."

"காய்ச்சினா அது போவாதும்மா. சுண்டச் சுண்ட ஜாஸ்திதான் ஆவும்."

தாளைப் படித்தேன். பிரியா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மதாம் அதன் உதட்டையும் நகங்களையும் வெளிச்சத்தில் பார்த்தார். நைட்ரேட் அதிகமானால் கைக்குழந்தைக்கு அங்கேதான் நீலம் பாரிக்குமாம்; இதற்குப் பாரித்திருக்கவில்லை. இருந்தாலும் இப்போதே டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். பஞ்சாயத்து டேங்க் தண்ணீரையும் லூகா சோதித்திருந்தான். அது நல்ல தண்ணீர். இனி குழந்தைக்கு அதுதான். நாங்கள் கேட்காமலே ஜாகிர் காரை எடுத்தார். பிரியாவும் குழந்தையும் சிதம்பரம் போனார்கள்.

கார் தெருமுனையைத் தாண்டியது. கலா என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கே உங்களக் கேட்டேனே அண்ணே, தண்ணி எப்பிடி இருக்குதுன்னு. ஒண்ணாம் நம்பர் தண்ணின்னு சொன்னீங்க. அத நம்பித்தான் டேங்க் தண்ணிய உட்டேன்."

சொன்னேன். அன்று சொன்னது நினைவு வந்துவிட்டது. அன்று வெயில் ஏறியிருந்தது, இன்னும் எட்டு வீடு பாக்கி, லூகா சீசாவோடு முன்னால் போய்விட்டான். அவனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சோதிக்காமல் அவனுக்கு என்ன தெரியும்? ஒருவர் வீட்டில் காபி கொடுத்தால் நன்றாயிருக்கிறது என்போமே, அப்படி வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு நடந்தேன். இரண்டு வருடம் என் பேச்சு அந்த வீட்டின் அடுப்பில் கொதித்திருக்கிறது. வெட்கம் என்று சொன்னால் போதாது, பயந்துவிட்டேன்.

"என்ன சொல்கிறார்?" என்று மதாம் கேட்டார்.

இருபது வருடத் தொழிலில் எத்தனையோ பேச்சை நான் மழுப்பியிருக்கிறேன். 'உங்களுக்கு நன்றி சொல்கிறார்' என்றால் முடிந்தது. ஒரு கணம் அதுதான் நாக்கு நுனியில் நின்றது. கலா சொன்னதை அப்படியே சொன்னேன். அது உண்மை என்றும் சொன்னேன். மதாம் என் கையிலிருந்த ஃபைலைக் காட்டினார். "இன்னும் பத்து வீடு இருக்கிறது" என்றார்.

கலா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "நானும் வர்றேன். நீங்க தனியாப் போயிச் சொன்னா யாரு நம்புவாங்க?"

12.20. ஒன்பதாம் வீட்டில் இருக்கும்போது கார் திரும்பியது. குழந்தைக்கு ஒன்றுமில்லை, தண்ணீரை மட்டும் மாற்றச் சொன்னார் டாக்டர் என்று பிரியா சொன்னாள். எனக்குக் கண் கலங்கியது. கலா அழவில்லை, பேத்தியின் தலையைத் தொட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

மதாமின் ஊரில் இந்த வேலைக்கு மண்டபமும் மைக்கும் உண்டு. இங்கே வாசல் வாசலாக நின்றோம். ஒவ்வொரு வாசலிலும் நான் தாளைப் படித்து முடித்ததும் கலா என்னைக் கைகாட்டி ஒரே மாதிரிதான் சொன்னார்.

"முன்ன எங்கிட்ட நல்ல தண்ணின்னு சொன்னவரும் இவருதான். இப்ப படிக்கறவரும் இவருதான். அன்னிக்கி பாக்காம சொன்னாரு, இன்னிக்கி பாத்துட்டு சொல்றாரு. இத நம்புங்க."

ஒவ்வொரு முறையும் மதாம் என் முகத்தைப் பார்த்தார். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.