குறிப்புக் கட்டம்

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு புரளாது. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தது போதாதென்று, பதினொரு வருடமாக நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கும் வந்து சேர்ந்தாள். சிபாரிசு செய்தவள் நானேதான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

வீடுவீடாக மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் நிறுவனம் எங்களுடையது. ஆர்டர் எடுக்க ஒரு மென்பொருள், கிடங்குக்கு ஒன்று, வண்டிகளுக்கு ஒன்று. ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. நடுவில் இருந்து தகவல்களுக்குப் பொதுவான அச்சு செய்து கொடுப்பது எங்கள் குழு. 'வாடிக்கையாளர்' என்றால் என்னென்ன கட்டங்கள், எது கட்டாயம், எது ஒன்றே ஒன்று, எது பல இருக்கலாம் என்று நாங்கள் வரையறுத்தால், மூன்று மென்பொருளுக்கும் அதுதான் சட்டம்.

சின்னவள் நாற்காலியில் சம்மணம் போட்டுத்தான் உட்காருவாள். கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு மேசை முழுக்க அதையே தேடுவாள். ஆனால் மூன்று நாள் நான் மல்லுக்கட்டும் அச்சை மதியத்துக்குள் முடித்துவிடுவாள். மேனேஜர் அவள் மேசைப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். வீட்டிலும் இதே கதைதான். எங்கள் மாமியார் ஒரு மாதம் என் வீடு, ஒரு மாதம் அவள் வீடு என்று இருப்பவர். அங்கே இருந்து வரும்போது மட்டும் அத்தையின் முகம் தெளிந்திருக்கும். அப்படி என்ன சொக்குப்பொடி போடுகிறாளோ!

அந்த வருடம் குழுத் தலைவர் பதவி காலியானது. வாடிக்கையாளர் அச்சைப் புதிதாகச் செய்யும் வேலையை மேனேஜர் அவளிடம் கொடுத்தார். அது சரியாக வந்தால் பதவியும் அவளுக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

முடித்துவிட்டு மடிக்கணினியோடு என்னிடம் வந்தாள்.

"அக்கா, ஒரு தடவை பார்த்துடுங்களேன். நீங்க பார்த்துட்டா எனக்குத் தைரியம்."

பார்த்தேன். முகவரி ஒன்றே ஒன்று. பழைய அச்சில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. குப்பை என்று அதைத் தூக்கியிருந்தாள். போன் எடுக்கும் பெண்கள் இரண்டாவது முகவரியை அதில்தான் தட்டிவைப்பார்கள். 'இந்த மாதம் மகள் வீட்டில்' என்பதைப் படித்துவிட்டுத்தான் வண்டிக்காரர்கள் கிளம்புவார்கள். எந்தக் கையேட்டிலும் இல்லாத பழக்கம் அது. எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரிய வழியில்லை.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"நல்லா இருக்கு. அனுப்பிடு," என்றேன்.

புது அச்சு ஓட ஆரம்பித்த அன்றே புகார்கள் வந்தன. ஒவ்வொன்றையும் ரசித்துப் படித்தேன். அத்தையும் எங்கள் வாடிக்கையாளர்தான் என்பது மட்டும் என் மண்டையில் உறைக்கவே இல்லை. அந்த மாதம் அத்தை சின்னவள் வீட்டில். மூன்றாம் நாள் அவருடைய இன்சுலின் பூட்டிக் கிடந்த என் வீட்டு வாசலில் இறங்கி, பகல் முழுக்க வெயிலில் வெந்து வீணானது. ஊசி போட மருந்தில்லாமல் மறுநாள் காலையில் அத்தை மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் சேர்த்தோம்.

மதியம் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "இதை யாருமே செக் பண்ணலையா?"

நான் சின்னவளைப் பார்த்தேன்.

"அக்காகிட்ட காட்டணும்னுதான் இருந்தேன் சார்," என்றாள் சின்னவள். "அவசரத்துல விட்டுட்டேன். தப்பு என் மேலதான்."

நான் வாயைத் திறக்கவில்லை. அன்றே பதவி எனக்கு வந்தது.

சாயங்காலம் மருத்துவமனை வராந்தாவில் அவளைப் பிடித்தேன். "ஏன்டி பொய் சொன்ன?"

"அந்தக் கட்டத்தைப் பத்தி போன் எடுக்கிற பொண்ணுங்ககிட்ட மேனேஜர் கூப்பிடறதுக்கு முன்னாலதான் கேட்டேன். அப்படித் தட்டச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானாமே." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "அத்தைக்குத் தெரிய வேணாம்க்கா. பதவிய நீங்களே வெச்சுக்குங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இப்படி ஒரு மனசு இவளுக்கு எங்கிருந்து வாய்த்தது என்று அப்போதும் எனக்கு எரியத்தான் செய்தது.

உள்ளே போய் அத்தையின் போர்வையைச் சரிசெய்தாள். "அத்தை, இனிமே அலைச்சல் வேணாம். எங்க வீட்டுலயே இருந்துடுங்க."

அத்தை என்னைப் பார்த்தார். "ஆமா, பெரியவளுக்கும் வேலை கூடிப்போச்சு," என்று சின்னவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து அச்சைத் திருத்தினேன். முகவரி எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம் என்று மாற்றினேன். குறிப்புக் கட்டத்தையும் திரும்பச் சேர்த்தேன். பிறகு அத்தையின் பதிவைத் திறந்து, சின்னவள் வீட்டு முகவரியைச் சேர்த்துவிட்டு, அதிலிருந்த என் வீட்டு முகவரியை அழித்தேன்.