கார்டு சாகவில்லை என்கிறார் ஞானமணி டீச்சர்

வளையல்களைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஜன்னல் கம்பியை ஒரு தரம் இறுகப் பிடித்து விடுகிறார் ஞானமணி டீச்சர். உடம்பில் இருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடுமாம். பிறகுதான் கம்ப்யூட்டரின் மூடியில் கை வைப்பார். வைத்ததும் பேச்சு ஆரம்பமாகிவிடும். "இன்னிக்காவது வாயத் தொறப்பீகளா, இல்ல நேத்து மாதிரியே முறுக்கிக்கிட்டு இருக்கப் போறீகளா?" வீட்டுக்காரரிடம்கூட அவர் இத்தனை மரியாதையாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

வயது நாற்பத்திரண்டு. தினமும் காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குப் பஸ்ஸில் போய்க் கணக்குப் பாடம் நடத்துகிறவர். மாலையில் திரும்பியதும் நேரே மாதா கோயிலை ஒட்டிய பாடகர் குழு அறைக்கு வந்துவிடுவார். அங்கே இருப்பது சென்னையில் ஏதோ ஒலிப்பதிவுக் கூடம் வேண்டாமென்று கழித்துவிட்ட கம்ப்யூட்டர். இந்தத் தொண்ணூற்றாறில் ஊருக்குள் வண்ணத்திரை வந்தாகிவிட்டது; இதில் இன்னும் கறுப்புத் திரையும் பச்சை எழுத்தும்தான். ஆனால் இதன் வயிற்றுக்குள் மிடி கார்டு என்று ஓர் அட்டை உண்டு. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு நேரம் என்று பக்கத்தில் இருக்கும் இசைக் கீபோர்டுக்கு உத்தரவு போடுவது அதுதான். டீச்சர் மூன்று வருஷமாக உட்கார்ந்து எழுதிய குழலும் வயலினும் தவிலும் பிளாப்பிகளில் இருக்கின்றன. அந்தத் துணையோடுதான் பன்னிரண்டு பெண்கள் திருவிழாவில் பாடுகிறார்கள்.

ஒரு மாதமாக அந்தக் கார்டு மக்கர் பண்ணியது. பாட்டு ஒழுங்காகத் தொடங்கும். நாலு வரி போனதும் ஏதாவது ஒரு சுரம் மாட்டிக்கொண்டு நிற்காமல் அலறும். "எழவு வீட்டுச் சங்கு மாதிரி இருக்கு டீச்சர், மானம் போகுது" என்றார் கோயில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவையின் செயலாளர் தைரியநாதன். மதுரையிலிருந்து இன்னிசைக் குழுவைக் கூப்பிட்டுவிடலாம் என்பது அவர் யோசனை. அவர்கள் பாடகிகளையும் கூடவே அழைத்து வருவார்கள். வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டத்தில் முடிவு. அப்படி முடிவானால் இந்தப் பன்னிரண்டு பேரும் தங்கள் திருவிழாவிலேயே ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

ரிப்பேருக்கு வந்த கம்ப்யூட்டர்க்காரர் நின்ற இடத்திலிருந்தே, "கார்டு செத்துப்போச்சு மேடம்" என்று கையை விரித்தார். "நாடி பாத்துல்ல சொல்லணும்? நீங்க மூடியவே கழட்டலையே" என்று அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார் டீச்சர்.

அவருடையது கணக்கு வாத்தியார் வைத்தியம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். மாற்றியதை நாற்பது பக்க நோட்டில் எழுதுவார். கேபிளை மாற்றினார், அலறியது. கீபோர்டையே மாற்றினார், அதுவும் அலறியது. பிளாப்பியை மாற்றினார். கார்டைப் பக்கத்துத் துளையில் செருகிப் பார்த்தார். அலறல் நிற்கவில்லை. குழுவில் முதல் குரல் பாடும் பெல்சிக்கே அலுத்துவிட்டது.

"விட்ருங்க டீச்சர். நாம கைதட்டியே பாடிருவோம்."

"கைதட்டுறது கேக்க வந்தவுக வேல. நம்ம வேல பாடுறது."

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து, கார்டைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார். குட்டி ஊசிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் பச்சையாக இரண்டு களிம்புத் திட்டுகள். சொட்டு விழுந்து காய்ந்த வடிவம். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். கம்ப்யூட்டர் வந்த அன்று பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார் அல்லவா? "தகரத்து மேல தெளிச்சா உள்ளுக்குள்ள எப்படிச் சாமி எறங்கும்?" என்று மூடியைத் திறந்து வைத்தது சாட்சாத் இவர்தான். தீர்த்தத்தில் உப்புச் சேர்ப்பது வழக்கம். அந்த உப்பு மூன்று வருஷமாகச் சத்தமில்லாமல் வேலை பார்த்திருக்கிறது. நோட்டை எடுத்து, "தவறு என்னுடையது" என்று சிவப்பு மையில் எழுதினார்.

கூட்டத்துக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்த தைரியநாதனிடம் விஷயத்தை மறைக்காமல் சொன்னார். அவருக்குச் சுருக்கென்றது.

"தீர்த்தத்தையே குத்தஞ் சொல்றீகளா டீச்சர்?"

"தீர்த்தத்துல ஒரு குத்தமும் இல்ல. தொறந்து வச்ச எங் கையிலதான் குத்தம். தொடைக்கப் போறதும் இதே கைதான். நீங்க போயிக் கூட்டத்த நடத்துங்க."

பழைய பல் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் முக்கி, ஊசி ஊசியாகத் தேய்த்தார். கார்டின் அடியில் இருக்கும் தங்கப்பூச்சுப் பற்களைப் பென்சில் ரப்பரால் அழித்து அழித்துப் பளபளப்பாக்கினார். பஞ்சால் துடைத்துக் காயவிட்டார். அதற்குள் பாடிப் பழக வேண்டிய பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுவரோரம் நின்றுவிட்டார்கள். கார்டைச் செருகி, மூடியைக்கூடப் போடாமல் சுவிட்சைத் தட்டினார்.

நாலு வரி தாண்டியது. எட்டு வரி. குழல் நின்று வயலின் எடுத்தது, வயலின் நின்று தவில் எடுத்தது. கடைசி அடிவரை ஓடி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க அவர் முயலவும் இல்லை.

முற்றத்துக்கு எதிரே பங்கு அலுவலகத்தில் கூட்டம் தொடங்கிவிட்டிருந்தது. "ஓடிப்போயிச் சொல்லிட்டு வந்துரவா டீச்சர்?" என்றாள் பெல்சி.

டீச்சர் இடுப்புயர ஸ்பீக்கர் பெட்டியைத் தரையோடு தேய்த்து இழுத்துப்போய் வாசலில் நிறுத்தினார். அதன் முகத்தை அலுவலகத்தைப் பார்க்கத் திருப்பினார். சத்தத்தைக் கடைசிவரை கூட்டி, பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டு, பெண்கள் பக்கம் திரும்பி, பாடச் சொல்லிக் கையை உயர்த்தினார்.