தோப்புக்கரணமும் என் நாடித்துடிப்பும்

ஓய்வு பெற்றபின் அடிக்கடி நாடி பார்ப்பது எனக்குப் பழக்கமாயிற்று. கவனிக்கக் கவனிக்க நெஞ்சு படபடக்கும். படபடப்பு பயமாக மாறும். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு காலை, பழவங்காடி கணபதி கோயிலில் இருபத்தொரு தோப்புக்கரணம் போட்டுவிட்டு நாடியை எண்ணினேன். நூற்று முப்பது! மனைவியையும் இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டர் சிரித்தார். "தோப்புக்கரணம் போட்டா யாருக்கும் துடிக்கும் சாரே, உங்களுக்கு ஒண்ணுமில்லே. மாமிக்கு எத்தனை நாளா இப்படி மூச்சு வாங்கறது?"

"ஒரு மாசமா, டாக்டர். சொன்னா உடனே இவருக்கும் மூச்சு வாங்க ஆரம்பிச்சுடும்" என்றாள் அவள்.

கடுமையான ரத்தசோகை. நல்லவேளை, இதயத்தைப் பாதிக்கும் முன் மருந்தில் குணமாயிற்று. பக்கத்திலேயே இருந்தும் அவள் மூச்சிரைப்பு என் காதில் விழவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். இப்போது நெஞ்சு படபடத்தால் சமையலறைக்குப் போய், அவளோடு காய் நறுக்கியபடி அவள் உடம்பைப் பற்றி விசாரிக்கிறேன். அவள் சொல்லி முடிப்பதற்குள் என் படபடப்பு அடங்கிவிடுகிறது.