தொப்புளில் வைத்த மண்

என் தம்பி பிறந்தபோது எனக்கு ஐந்து வயது. ஆலங்காயத்துக்குப் பக்கத்தில், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருந்தது எங்கள் வீடு. பிரசவம் வீட்டிலேயே நடந்தது. நர்சம்மா பிளேடையும் நூலையும் எங்கள் குழம்புச் சட்டியில் கொதிக்கவைத்த பிறகுதான் தொப்புள்கொடியைத் தொட்டார். முழங்கை வரை அவர் கழுவிய கழுவலில் சோப்பே கரைந்துபோனது என்று அன்று முழுக்க அத்தை புலம்பினாள்.

"தொப்புள்ல சாணிச் சாம்பல் வச்சிடாதீங்க. தானா காய்ஞ்சி வுழுந்துடும்," என்று சொல்லிவிட்டு நர்சம்மா பஸ் ஏறினார். வைக்கமாட்டேன் என்று அத்தை சத்தியமே செய்தாள்.

அத்தை அப்பாவின் அக்கா, பிள்ளை இல்லாதவள். எனக்குப் பின் அம்மாவுக்கு இரண்டு குழந்தைகள் வயிற்றில் தங்காமலே போயின. இதுவாவது தங்கவேண்டும் என்று அத்தை ஒரு புனிதரின் கோயிலுக்கு நடந்தே போய், அங்கிருந்து ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்து வந்திருந்தாள்.

சத்தியத்தை அவள் மீறவே இல்லை. சாம்பலோடு வந்த பக்கத்து வீட்டுக்காரியை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு, கோயில் மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்துத் தம்பியின் தொப்புளில் வைத்தாள். அம்மா தயங்கினாள்.

"இது இன்னா சாம்பலாடீ? கோயிலு மண்ணு. இதுல இன்னா கெடுதல் வந்துடப் போவுது?"

ஒரு வாரம் போல நன்றாகத்தான் இருந்தான். பிறகு பால் குடிக்க வாய் திறக்கவில்லை. அப்பா நர்சம்மாவைக் கூட்டிவர ஓடினார். நான் தொட்டிலை எட்டிப் பார்த்தேன். உதடுகள் இரண்டு பக்கமும் விரிந்திருந்தன.

"அத்தே, தம்பி சிரிக்கறான்!"

ஓடிவந்து பார்த்த அத்தைக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வேண்டுதல் பலித்தது என்று இன்னொரு சிட்டிகை வைத்தாள்.

நர்சம்மா வந்து தொட்டதும் தம்பியின் உடம்பு வில்லாக விறைத்தது. அவர் தொப்புளைப் பார்த்தார்.

"இது இன்னாம்மா?"

அத்தை சொன்னாள். நர்சம்மா திட்டவில்லை. மண்ணிலிருந்து வந்த ரணஜன்னி என்கிற டெட்டனஸ், உதட்டை இழுப்பதும் அதுதான் என்று மெதுவாகச் சொன்னார். வண்டி கிடைப்பதற்குள் தம்பி போய்விட்டான்.

கல்லறைத் தோட்டத்தில், சிரிக்கிற பிள்ளையை ஏன் புதைக்கிறீர்கள் என்று நான் எல்லோரையும் கேட்டேன். ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். அத்தை மட்டும் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். எவ்வளவு கூப்பிட்டும் மண்ணைத் தொடவில்லை.

அத்தைக்குத் தம்பிமேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டு, அவளுக்கும் சேர்த்து நானே இன்னொரு பிடி போட்டேன்.