கடைசி கேட்டுக்கு மட்டும் இன்னொரு ஊதல்

கடற்கரைக்குப் போன அந்தக் கிளை லைனைப் பிடுங்கி ரோடு போட்டு ரொம்ப வருஷமாகிறது. இன்றைக்கும் அதைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் கடலையும் மணலையும் சொல்வார்கள். டிரைவரம்மா மட்டும் கடைசி ரயில்வே கேட்டைக் காத்தவளைத்தான் சொல்வாள்.

டிரைவரம்மா என்பது ரயில்வே குவார்ட்டர்ஸில் முகத்துக்கு நேரே கூப்பிடும் பெயர். முதுகுக்குப் பின்னால் 'சேஃப்டி வால்வு'. என்ஜினில் அழுத்தம் ஏறினால் உஸ்ஸென்று ஆவியைக் கக்குமே, அந்தச் சாமான். இவளும் எதையும் உள்ளே தேக்கி வைக்க மாட்டாள். குழாயடியில் யார் கிடைத்தாலும் கொட்டிவிடுவாள்.

அவள் புருஷன் ஓட்டியது நாலே பெட்டியும் ஒரு கிழட்டு நீராவி என்ஜினும். காலையில் கடலுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பும். விடுமுறை நாளில் ஊரே வாளியும் குடையுமாகத் தொற்றிக்கொள்ளும். திரும்பும்போது பெட்டியெல்லாம் மணல். மனுஷன் வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். கேட்டதற்கு 'ம்', கேட்காததற்கு அதுவும் கிடையாது. ஆனால் வாரம் தவறாமல் கடற்கரைப் பக்கமிருந்து ஒரு பை முட்டை கொண்டு வருவார். எல்லாம் பெரிசு பெரிசாக, ஒன்றில்கூடக் கீறல் இருக்காது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை.

அந்தப் பெருமையில் மண்ணைப் போட்டவள் பக்கத்து வீட்டு ரயில் கார்டின் மனைவி. பிள்ளைகளோடு கடலுக்குப் போய்விட்டு வந்தவள், துணி பிழிந்துகொண்டே பேச்சுவாக்கில் விட்டாள்.

"எல்லா கேட்டுலயும் உங்க வீட்டுக்காரரு நீளமா ஒண்ணுதான் ஊதுறாரு. கடைசி கேட்டுல மட்டும் குட்டியா இன்னொண்ணு ஊதுறாரே, அது என்னக்கா ரூலு?"

வேறு இடத்துப் பெண்ணாக இருந்தால், ஊதினால் ஊதட்டும் என்று விட்டிருப்பாள். குவார்ட்டர்ஸில் குடித்தனம் நடத்துகிறவளால் முடியுமா? கேட்டுக்கு ஒரு நீள ஊதல், அவ்வளவுதான் விதி. விதியில் இல்லாத ஊதல் என்றால் யாரோ ஒருத்தருக்கான ஊதல். அந்த கேட்டில் இருப்பவள் பெண் என்பதும், செத்துப்போன புருஷனின் வேலை அவளுக்கு வந்தது என்பதும், தன்னைவிட வயதில் சின்னவள் என்பதும் அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

அன்று வால்வு திறக்கவே இல்லை. உலை கொதிப்பதுபோல உள்ளுக்குள்ளேயே கொதித்தாள். புருஷன் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. சாப்பிட்டார், படுத்தார்.

மறுநாள் அவருக்குத் தெரியாமல் அதே ரயிலில் ஏறி முதல் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கடைசி கேட் வந்தது. நீளமாக ஒன்று, பிறகு குட்டியாக ஒன்று. தலையை வெளியே நீட்டினாள். என்ஜினிலிருந்து பெரிய நிலக்கரித் துண்டுகள் உருண்டு கேட் வீட்டுப் பக்கம் விழுந்தன. கூடையோடு ஒதுங்கி நின்ற பெண் கையைத் தூக்கிச் சிரித்தாள். நான் ஈர விறகை ஊதி ஊதிக் கண் அவிந்து போகிறேன், இங்கே மகாராணிக்குக் கரியா என்று டிரைவரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடற்கரை ஸ்டேஷனில் புருஷன் கண்ணில் படாமல் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டியே திரும்பி நடந்தாள். கடல் ஒரு பக்கம் இரைந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

கேட் வீட்டு வாசலில் கோழிகள் மேய்ந்தன. டிரைவர் வீட்டிலிருந்து வருகிறேன் என்று சொன்னதுமே அந்தப் பெண் முக்காலியை எடுத்துப் போட்டாள்.

"வாங்கக்கா. முட்டையெல்லாம் நல்லா இருக்கா? கீறல் இருந்தா நீங்க திட்டுவீங்கன்னு அண்ணன் ஒவ்வொண்ணா வெளிச்சத்துல பாத்துதான் எடுப்பாரு."

அண்ணனாம்! விஷயம் அவ்வளவுதான். கரிக்கு முட்டை. குட்டி ஊதல் என்றால் கரி விழுகிறது, தள்ளி நில் என்று அர்த்தம். கரியைக் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்தால் நாலு பேர் கண்ணில் பட்டு வேலைக்கே உலை வைத்துவிடும். அதனால் பண்டமாற்று இங்கேயே. சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு வந்தவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

அந்தப் பெண் அதோடு விட்டிருக்கலாம். முட்டை எடுக்க வரும் நாளில் சாயங்கால ரயில் கிளம்பும்வரை அண்ணன் இங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார் என்றாள். டிரைவரம்மாவின் முட்டி வலி அவளுக்குத் தெரிந்திருந்தது. இடி இடித்தால் பயப்படுவதும் தெரிந்திருந்தது.

"துணி மடிக்கும்போது பாடுவீங்களாமே? உள்ள வந்தா நிறுத்திடுவீங்கன்னு அண்ணன் வாசல்லயே நிப்பாராம்."

டிரைவரம்மாவுக்கு வயிறு எரிந்தது. கரியை இன்னும் ஒரு வண்டி கொடுத்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். வீட்டில் காசு கொடுத்தாலும் கிடைக்காத பேச்சையல்லவா இங்கே கூடை கூடையாகக் கொட்டியிருக்கிறார்.

சாயங்காலம் அதே ரயிலில் ஊர் திரும்பி, பிளாட்பாரத்தில் அவருக்காகக் காத்து நின்றாள். பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பாதி வழியில் அவள்தான் ஆரம்பித்தாள்.

"அவகிட்ட சொன்னதை எங்கிட்ட சொன்னா என்ன?"

"வீட்டுல எனக்குப் பேச முறை எப்ப வந்துச்சு?"

பதில் சொல்ல வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள். சாப்பாடு போடும்போதும் மூச்சு விடவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். பிறகு என்ஜினில் ஒரு குழாய் ஒழுகுகிறது என்று மெல்ல ஆரம்பித்தார். அதை அடைக்க, கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் தன் சட்டையையே கழற்றிச் சுற்றினானாம். குழாயைப் பற்றி ஒரு இழவும் புரியவில்லை. ஆனாலும் கன்னத்தில் கை வைத்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

ஓரிடத்தில் அவர் தானாகவே சிரித்தார். சிரிக்க வேண்டிய இடம் அவருக்கு அவ்வளவு பழகியிருந்தது. அப்படியானால் இதையும் அங்கே சொல்லியாகிவிட்டதா என்று அவளுக்குச் சுருக்கென்றது. கேள்வி தொண்டைவரை வந்தது. கேட்டால் பேச்சு நின்றுபோகும்.

சொம்புத் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு, "அப்புறம்?" என்றாள்.