அப்பா வைரவராகக் கும்பிட்ட கல்

இதயத்தில் மூன்று குழாய்கள் அடைபட்டிருக்கின்றன, மாதம் முடிவதற்குள் சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்று மருத்துவர் சொன்னதை நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். சம்மதப் படிவத்தை முன்னால் வைத்தபோது மட்டும் பேனாவைத் தொடவில்லை.

"டொக்டரிட்டைச் சொல்லு பிள்ளை, எனக்கு ஜேர்மனியிலை ஒரு நேர்த்திக்கடன் கிடக்கு எண்டு. அதை முடிக்காமல் நெஞ்சைத் திறக்கேலாது."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அப்பாவுக்கு யோசிக்க இரண்டு வாரம் வேண்டுமாம் என்று மட்டும் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்ததும் பல்கலைக்கழகத்துக்குப் போனதும் நான் ஒருத்திதான். பத்து வயதிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதங்களையெல்லாம் நானே வாசிக்கிறேன். எதைச் சொல்வது, எதை விடுவது என்று எனக்குத் தெரியும்.

காரில் ஸ்காபரோவுக்குத் திரும்பும்போது அம்மா பின்னாசனத்திலிருந்து தொடங்கினார். "திரும்பவும் அந்த ஊரோ? நான் அங்கை வாழ்க்கைப்படேல்லை. ஆனால் பேக்கரிக்காரியின்ரை சப்பாத்து என்ன நிறமெண்டும் எனக்குத் தெரியும்."

"பச்சை," என்றார் அப்பா.

அப்பா இருபது வயதில் அகதியாகப் போய் இறங்கிய சின்ன ஊர் அது. மூடிக்கிடந்த ஒரு தங்குவிடுதியின் மேல்மாடியில் ஐந்து தமிழ்ப் பெடியன்களைக் குடிவைத்தார்கள். இரண்டு குளிர்காலம் அங்கே இருந்தார். பிறகு கனடா, பிறம்ரனில் பொருட்கிடங்கு வேலை, கல்யாணம், நான். தன் சொந்த ஊரைப் பற்றி அப்பா அதிகம் பேசியதில்லை. இந்த ஜேர்மன் ஊரைத்தான் பேருந்துத் தரிப்பிடத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போவார். முதலில் தீயணைக்கத் தண்ணீர் தேக்கிவைக்கும் குளம். அடுத்தது பேக்கரி. பிறகு தேவாலயம், அதன் கோபுரத்து மணிக்கூட்டுக்கு ஒரே ஒரு முள்தான். ("மணி தெரியும், நிமிசம் தெரியாது. அந்தச் சனத்துக்கு அது காணும்.") அதைத் தாண்டினால் ஆறு வற்றிப்போன பிறகும் சக்கரத்தோடு நிற்கும் ஆலை. கடைசியில் கிளைகளுக்கு மரத்தூண்களால் முண்டு கொடுத்து நிறுத்திவைத்த ஒரு கிழட்டு லிண்டன் மரம். அதன் அடியில் கல்.

முழங்கால் உயரம், பாசி பிடித்தது, முகப்பில் மூன்று பல்லோடு ஏதோ செதுக்கியிருந்தது. மரத்தடி, கல், சூலம். ஐந்து பேருக்கும் பார்த்தவுடன் விளங்கிவிட்டது, வைரவர் தங்களுக்கு முன்பே வந்து காத்திருக்கிறார் என்று. ஜாம் போத்தல் மூடியில் சூரியகாந்தி எண்ணெய் விட்டு, துவாயிலிருந்து உருவிய நூலைத் திரியாக்கி, வெள்ளிக்கிழமைதோறும் பின்னேரம் விளக்கு வைத்தார்கள்.

அவர்கள் விளக்கைக் கொளுத்தியதும் சுற்றியிருந்த வீடுகளின் யன்னல் கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்படுமாம். ஒருவரும் ஏசவில்லை, காவல்துறையைக் கூப்பிடவில்லை. "சாமிக்கு நேரை நிண்டு பார்க்கக்கூடாதெண்டு அந்தச் சனத்துக்கும் தெரிஞ்சிருக்கு," என்பார் அப்பா. ஒருமுறை ஐந்து பேருக்கும் காய்ச்சல். அந்த வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கவில்லை. சனிக்கிழமை காலை கதவைத் திறந்தால், வாசற்படியில் கையளவு தடித்த புது மெழுகுதிரி ஒன்றும் நெருப்புப்பெட்டி ஒன்றும் இருந்தன. யார் வைத்தது என்று தெரியாது. நல்ல சனம் என்று சொல்லி அப்பா இந்தக் கதையை முடிப்பார். சின்ன வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஊரைவிட்டுக் கிளம்பும் நாளில், கனடா போய்ச் சேர்ந்தால் திரும்பி வந்து வடைமாலை சாத்துவேன் என்று அப்பா அந்தக் கல்லிடம் சொல்லியிருக்கிறார். பிறகு போகவில்லை.

சரி, அந்த ஊரைக் கண்டுபிடித்து யாரையாவது கொண்டு ஒரு விளக்கு வைப்பித்தால் அப்பா கையெழுத்துப் போடுவார் என்று கணக்கிட்டேன். அப்பா தன் உச்சரிப்பில் சொல்லும் பெயரை வைத்து எந்த வரைபடத்திலும் தேட முடியாது. அதனால் ஒற்றைமுள் மணிக்கூட்டையும் முண்டு கொடுத்த மரத்தையும் மூன்று பல் செதுக்கிய கல்லையும் சேர்த்துத் தேடினேன். பல்கலைக்கழகத்தில் நான் படித்தது வரலாறு. இரண்டு தவணை ஜேர்மன் மொழியும் எடுத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் ஊர் அகப்பட்டுவிட்டது. எனக்கே என்னை மெச்ச வேண்டும் போலிருந்தது.

கணினியில் தெருப்படங்களைத் திறந்து அப்பாவைப் பக்கத்தில் இருத்தினேன். நல்ல வெயில் நேரத்தில் எடுத்த படங்கள். குளத்தையும் ஒற்றைமுள்ளையும் கண்டு அப்பா சிரித்தார். தெருவில் ஒரு ஆளும் இல்லை. மரத்தடியை நெருங்க நெருங்க வீடுகள் மங்கின. வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டால் அந்த நாட்டில் வீட்டின் படத்தை மறைத்துவிடுவார்களாம். ஊரின் மற்ற இடங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அப்படி இருந்தது. கல்லைச் சுற்றியிருந்த வீடுகளில் மறைக்கப்படாதது ஒன்றுகூட இல்லை. புகையால் கட்டிய சுவர்கள் நடுவே மரமும் கல்லும் மட்டும் கூர்மையாகத் தெரிந்தன. கல்லின் காலடியில் புல் கருகியிருந்தது.

"ஆரோ விளக்கு வைக்கினம்," என்றார் அப்பா. அவர் குரலில் மகிழ்ச்சி இருந்தது.

ஊரின் இணையப் பக்கத்தை எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பத்தி. ஆலையைக் கட்டியது யார், மணிக்கூட்டுக்கு ஏன் இரண்டாவது முள் போடவில்லை என்றெல்லாம் இருந்தது. தங்குவிடுதி பிற்காலத்தில் வெளியாருக்கு இருப்பிடமாக இருந்து பின் இடிக்கப்பட்டது என்று ஒரே ஒரு வரி. என் அப்பாவின் இரண்டு குளிர்காலமும் அந்த வரிக்குள் கிடந்தன.

கல்லைப் பற்றித்தான் நீளமாக எழுதியிருந்தார். பல நூறு ஆண்டுகளுக்கு முன் வைக்கோலுக்காக அண்ணனும் தம்பியும் சண்டை பிடித்தார்கள். வைக்கோல் அள்ளும் மூன்று பல் கவையால் அண்ணன் தம்பியைக் குத்திக் கொன்றான். ஊர் அவனைத் தூக்கிலிடவில்லை, ஒரு உடன்படிக்கை செய்தது. கொன்ற இடத்தில் அவனே கல் நாட்டி, கொன்ற ஆயுதத்தை அதில் செதுக்க வேண்டும். கொலை நடந்த வெள்ளிக்கிழமையை நினைத்து வெள்ளிதோறும் அங்கே ஒரு விளக்கு எரிய வேண்டும். அவனுக்குப் பிறகு அவன் பிள்ளைகள், பிறகு அவர்களின் பிள்ளைகள். அந்த வம்சத்தின் கடைசி ஆள் பிள்ளையில்லாமல் இறந்தார் என்பதோடு பத்தி முடிந்தது.

வெள்ளிக்கிழமை என்ற சொல்லை அகராதியில் இரண்டு தரம் பார்த்தேன். பார்க்கத் தேவையே இல்லாத சொல்.

ஆனாலும் எனக்கு ஒரு பக்கம் ஆறுதலாக இருந்தது. கல் வைரவர் இல்லையென்றால் நேர்த்தியும் இல்லை. அன்று பின்னேரமே தேத்தண்ணியோடு போய் எல்லாவற்றையும் அப்பாவுக்கு விளக்கினேன். அது சூலம் இல்லை, வைக்கோல் அள்ளும் கவை, கொலைகாரன் நாட்டிய கல் என்றேன்.

அப்பா தேத்தண்ணியை ஊதிக் குடித்தார். "வைரவர் ஆரெண்டு நினைச்சாய்? பிரமாவின்ரை தலையைக் கிள்ளி எடுத்தவர். அந்த மண்டையோட்டோடை ஊரூராய்த் திரிஞ்சவர். கொலை செய்யாத சாமியைத்தான் கும்பிடுறதெண்டால் எங்கடை சாமியறையிலை பிள்ளையார் மட்டும்தான் மிஞ்சுவார்."

"அவரும் கயமுகாசுரனை விடேல்லை," என்றார் அம்மா குசினியிலிருந்து.

"பார், கொம்மா யூனிவர்சிற்றிக்குப் போகேல்லை."

படிவம் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டியபடி இருந்தது. இரண்டு வாரத்தில் ஒரு வாரம் போய்விட்டது. அப்பா மாடிப்படியில் நடுவழியில் நின்று மூச்சு வாங்கினார்.

அந்த ஐவரில் ஒருவர் ஜேர்மனியிலேயே தங்கிவிட்டார். நான் அங்கிள் என்று கூப்பிடுபவர், அந்த ஊரிலிருந்து நான்கு மணி நேரத் தூரத்தில் இருப்பவர், பகிடிக்காரர். அவருக்கு அழைத்து, ஒரு வடைமாலையோடு போய் வரமுடியுமா என்று கேட்டேன்.

"வேறை எதெண்டாலும் கேள் பிள்ளை. அங்கை மட்டும் நான் போகமாட்டன்."

"ஏன் அங்கிள்?"

"நாங்கள் விட்டிட்டு வந்து ஆறு வருசத்தாலை ஒருக்கால் போனனான். விடுதி இடிச்சுப் போட்டாங்கள். ஒரு தமிழனும் இல்லை. ஆனால் விளக்கு எரியுது. எங்களை மாதிரியே ஜாம் போத்தல் மூடி, துவாய் நூல். நான் பார்த்துக்கொண்டு நிக்கவே யன்னலெல்லாம் பூட்டுப்படுது. உன்ரை கொப்பருக்கு உதைச் சொல்லாதை. அவருக்கு நெஞ்சு சரியில்லை."

நான் அப்பாவிடம் சொல்லவில்லை. இணையப் பக்கத்திலிருந்த முகவரிக்கு, எனக்குத் தெரிந்த ஜேர்மனில், ஆசிரியருக்கு எழுதினேன். அப்பா யார், எந்த விடுதியில் இருந்தார், என்ன நேர்ந்துகொண்டார், ஏன் அவசரம் என்று எல்லாவற்றையும் எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. என்னுடைய கடிதத்துக்காகக் காத்திருந்தவர் எழுதியது போல, வியப்பேதும் இல்லாத பதில்.

அப்பாவையும் மற்ற நால்வரையும் அவருக்கு நினைவிருந்தது. அந்த வம்சம் அழிந்து விளக்கு நின்றுபோன காலத்தைப் பற்றித் தன் தாயார் கடைசிவரை பேச மறுத்தார் என்று எழுதியிருந்தார். எங்கிருந்தோ வந்த ஐந்து பேர், யாரும் சொல்லாமலே, வெள்ளிக்கிழமை அங்கே விளக்கு வைத்தபோது ஊர் நடுங்கிப்போனதாம். பொறுப்பு தனக்குரிய ஆட்களைத் தானே தேடிக்கொண்டது என்று முதியவர்கள் சொன்னார்களாம். அது எரிவதைப் பார்த்தவரும் அந்தப் பொறுப்பை ஏற்றவராகிவிடுவார் என்று பயந்து யன்னல்களைப் பூட்டினார்கள். மெழுகுதிரியை வைத்தது அவருடைய தாயார். ஐவரும் போன பிறகு தாயாரும், அவருக்குப் பின் இவரும், தமிழர்கள் விட்டுப்போன முறைப்படியே செய்து வந்தார்கள்.

அப்பாவுக்காக வரும் வெள்ளிக்கிழமை விளக்கு வைக்க அவர் சம்மதித்தார். வடை என்னவென்று தெரியாததற்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். ஒன்று மட்டும் வேண்டுமாம். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஏற்றும் கை யாருடையதாகவும் இருக்கலாம், ஆனால் விளக்குக்குப் பொறுப்பானவர்களைப் பதிந்துவரும் ஏட்டில் ஒரு பெயர் இருக்கவேண்டும். அந்தப் பெயருக்குரியவர் ஆண்டுக்கொரு முறை நேரில் வரவேண்டும். அது அந்த ஐவரின் வழியில் வந்த பெயராக இருந்தால் நல்லது.

பதிலை வீட்டில் வாசித்தேன், அம்மாவுக்கும் அப்பாவுக்கும், ஒரு வரி விடாமல்.

"என்ரை பெயரைக் குடு," என்றார் அப்பா உடனே.

"நெஞ்சை வெட்டப் போற மனிசன்ரை பெயரை உதிலை எழுதேலாது," என்றார் அம்மா. பகிடி அவர் குரலில் இருக்கவில்லை.

"அப்ப என்ரையைக் குடுக்கிறன்," என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். அத்தனை வருடம் அந்த ஊரைச் சிரிப்போடு சொன்ன முகம் அது. "வேண்டாம் பிள்ளை. உன்னை உதுக்குள்ளை விடேலாது. நான் ஒப்பரேஷன் செய்யேல்லை, விடு."

"இது வெறும் பெயர் அப்பா. நீங்கள்தானே நல்ல சனம் எண்டு சொன்னனீங்கள்."

"நல்ல சனந்தான்," என்றார்.

நான் சாப்பாட்டு மேசையிலேயே இருந்து எழுதி அனுப்பினேன். பட்டச் சான்றிதழில் இருப்பது போல என் முழுப்பெயரையும் எழுதினேன், அப்பாவின் பெயரோடு சேர்த்து. எனக்கு இவற்றில் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாதவள் பெயர் கொடுப்பதால் என்ன வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அனுப்பிவிட்டேன் என்று சொன்னதும் அப்பா எழுந்துபோய்ப் படிவத்தைக் கதவிலிருந்து எடுத்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். பேனாவை என்னிடம் தரவில்லை, மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

சத்திரசிகிச்சை நடந்த வெள்ளிக்கிழமை காலையில், காத்திருப்பறையில் இருக்கும்போது படங்கள் வந்தன. முதலாவதில் கல், அதன் காலடியில் ஜாம் மூடி, சின்னச் சுடர். இரண்டாவது ஏட்டின் பக்கம். இடப்பக்கத்தில் பெயர்கள், அவற்றுக்கு எதிரே பொறுப்பேற்ற நாளும் முடிந்த நாளும். நடுவில் நீண்ட வெற்றிடம். அதன் கீழே, பெயர் தெரியாத அந்நியர் ஐவர் என்று ஒரு வரி. பிறகு தாயார், பிறகு ஆசிரியர். தன் பெயருக்கு எதிரே முடிந்த நாளாக அவர் எழுதியிருந்தது என் மின்னஞ்சல் போய்ச் சேர்ந்த நாளை. என் பெயர் தொடங்குவதும் அதே நாளில்தான். எதிரே முடிவுக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. என் பெயருக்குக் கீழே அடுத்தவருக்காக அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்திருந்தார்.

வைத்தியர் வெளியே வந்து எல்லாம் நன்றாக நடந்தது என்றார். மயக்கம் தெளிந்ததும் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எரிஞ்சதோ?"

"ஓம் அப்பா."

இப்போது அவர் நன்றாக நடக்கிறார், படியில் நிற்பதில்லை. அந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அம்மா வேண்டுமென்றே பேக்கரிக்காரியைப் பற்றிக் கேட்டாலும் பேச்சை மாற்றுகிறார்.

சென்ற வாரம் யூனியன்வில்லில் உள்ள என் அலுவலகத்தில் விடுமுறைக்கு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் குடும்பக் கடமை என்று போட்டேன். மேலதிகாரி அதை வாசித்துவிட்டு, இந்த வருடம் மட்டும்தானா என்று அன்பாகக் கேட்டார்.

ஆண்டுதோறும், என்றேன்.