சல்லடை அக்கா போட்ட மெத்தை

மீன் காட்சிச்சாலையில் அவளுக்குச் சல்லடை அக்கா என்றே பெயர். பத்தொன்பது வருடமாகத் தொட்டிகளின் அடிமணலைக் கழுவிச் சலித்துப் போடுவது அவள் வேலை. சுறாவும் ஆமையும் இருக்கும் பெரிய தொட்டிகளின் முன்னால் கூட்டம் அலைமோதும். அவளோ கடைசி வரிசைத் தொட்டியின் மேல்தான் உயிரை வைத்திருந்தாள். அதில் விரல் நீளத்தில், ஊசி மாதிரி மெலிந்த இருநூறு வெள்ளி மீன்கள். பகலில் எல்லாம் சேர்ந்து ஒரே உடம்பு போலத் திரும்பும், வளையும். கண்ணாடியை யாராவது தட்டிவிட்டால், தலைகீழாகப் பாய்ந்து மணலுக்குள் மறைந்துவிடும். குளிர்காலம் வந்தால் மாதக்கணக்கில் சாப்பாடே வேண்டாமென்று உள்ளேயே கிடக்கும்.

"என் பிள்ளைங்க தூங்கப் போயிடுச்சுங்க" என்பாள், பெற்றவள் மாதிரி.

இந்த வருடம் அந்தத் தூக்கத்துக்கு முன்னால் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. கரடுமுரடான மணலில் பிள்ளைகளுக்கு உடம்பு உறுத்தாதா? மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, மணலை மாவு போலச் சலித்துப் பரப்ப ஆரம்பித்தாள். பின்மூலையில் ஒரு முழம் மிச்சமிருந்தபோது வீட்டிலிருந்து போன் வந்தது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கணவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதாம். போட்டது போட்டபடி ஓடினாள். மூன்று நாள் விடுப்பு. அதற்குள் மீன்களைத் திரும்பத் தொட்டியில் விட்டது, அங்கே தண்ணீர் மோட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்தான்.

கணவருக்குப் புஸுபுஸுவென்று ஒரு மெத்தை வாங்கிப் போட்டாள். "எனக்குத் தரையே போதும்டி, விட்டுடு" என்று அவர் கெஞ்சியது அவள் காதில் ஏறவே இல்லை.

இரண்டு மாதம் கழித்துப் புது மேலாளர் அம்மா வந்தார்.

"என்ன இது? மணலைக் காட்சிக்கு வெச்சிருக்கீங்களா?"

"மீனுங்க உள்ள தூங்குது மேடம்."

மேலாளர் ஒரு கம்பால் முன்பக்க மணலை அங்கங்கே கிளறச் சொன்னார். ஒன்றும் அசையவில்லை. ஒரு பிடி மணலை அள்ளித் தேய்த்துப் பார்த்தவரின் முகம் மாறியது.

"இவ்வளவு நைஸா யார் சலிச்சது? மணல் இடுக்குல ஓடுற தண்ணியிலதானே அதுங்க மூச்சு விடும்? இதுல மூச்சு முட்டிச் செத்திருக்கும். நாளைக்குக் காலையில தொட்டியைக் காலி பண்ணிடுங்க."

சல்லடை அக்கா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாசத்தைக் கொட்டிய இந்தக் கையாலேயா பிள்ளைகளைப் புதைத்தேன்! அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை, மெக்கானிக் குழாயோடு வந்து நின்றான்.

"ஒரே ஒரு தடவை பாத்துக்கிறேன்பா."

ஏணியில் ஏறி, தோள்வரை கையை விட்டாள். ஐஸாய்க் குளிர்ந்தது தண்ணீர். பட்டு போன்ற மணலில் தடவித் தடவிப் போன விரல், பின்மூலையில் நறநறவென்று எதையோ உரசியது. அவளுக்குப் பொறி தட்டியது. சலிக்காமல் விட்ட அந்த ஒரு முழம்! மெல்ல விரலை இறக்கினாள்.

மணல் புகைந்தது. ஒரு வெள்ளி ஊசி விர்ரென்று கிளம்பியது. பின்னாலேயே பத்து, ஐம்பது... கண்மூடித் திறப்பதற்குள் கூட்டம் தொட்டி முழுக்க மின்னியது.

"மேடம்! மேடம்! ஓடி வாங்க!" அவள் கத்திய கத்தலில் சுறா கூட மிரண்டிருக்கும்.

மெக்கானிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அக்கா, நீ பாத்துப் பாத்துப் போட்ட மெத்தையில ஒரு பய படுக்கலையே!"

ஓடி வந்த மேலாளர் குழாயைச் சுருட்டச் சொன்னார். "பழைய மணலையே போடுங்கக்கா. இனிமே சல்லடையைத் தொட்டீங்கன்னா பாருங்க!" குரலில்தான் அதட்டல், கண்ணில் ஈரம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். மெத்தைக்குப் பக்கத்தில், வெறுந்தரையில் படுத்திருந்த கணவர், திருட்டு முழி முழித்து அவசரமாக எழப் பார்த்தார்.

"படுங்க, படுங்க." மெத்தையைச் சுருட்டி மூலையில் சாத்தினாள்.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"பிள்ளைங்க புத்தி சொல்லிச்சுங்க" என்றவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இடுப்பைப் பிடித்துவிட ஆரம்பித்தாள்.